கொக்கு வண்டியில் சொன்ன சொல்

அந்த வாரம் வீட்டிலிருந்த கத்தி, கத்தரிக்கோல், பிளேடு எல்லாவற்றையும் ஒரு துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வாசலில் பையைத் திறந்து பார்த்த காவலாளி, "என்னக்கா, யாரைக் குத்தப் போறீங்க?" என்றான். "உன்னைத்தான், கழுத்தை நீட்டு" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டில் என் தம்பி தனியாக இருந்தான்.

எல்லாம் சனிக்கிழமை தபாலில் வந்த ஒரு தாளால் வந்த வினை. தம்பி வேலை பார்த்த படைப்பிரிவின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். அவன் சம்பந்தப்பட்ட பக்கத்தை அச்சடித்து அனுப்பி, "விவரம் சரியே" என்று கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார் தொகுப்பாளர். பக்கத்தில் ஒரு பத்திக்குக் கோடு போட்டிருந்தது.

"இலக்கு உறுதி செய்யப்பட்டதாகச் சுடுநர் அறிவித்தார். நகர்வதற்கான கட்டளை எதுவும் பிறப்பிக்கப்படாத நிலையில் ஓட்டுநர் வாகனத்தைப் பின்னோக்கி நகர்த்தினார். வழிநடத்தும் கம்பி அறுபட்டு, ஏவுகணை நம் காலாட்படையின் பதுங்குகுழியில் வீழ்ந்தது. மூவர் உயிரிழந்தனர்."

அந்த ஓட்டுநர்தான் என் தம்பி.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆள் ஏற்றிப் போகும் பழைய இரும்புப் பெட்டி, டாங்கி மாதிரிச் சங்கிலிப் பட்டையில் ஓடுவது. அதன் மேல் மடங்கும் கழுத்து ஒன்றை நட்டு, கழுத்து நுனியில் இரண்டு ஏவுகணைக் குழாய்களைப் பொருத்திவிட்டார்கள். புது வண்டி வரும்வரை ஒப்பேற்றச் செய்த ஒட்டுவேலை. மேட்டுக்குப் பின்னால் உடம்பை ஒளித்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டிச் சுடும் என்பதால் அவர்கள் அதைக் கொக்கு என்றார்கள். ஏவுகணை போகும்போது பின்னாலேயே மெல்லிய கம்பி ஒன்று அவிழ்ந்துகொண்டே போகும். அது போய்ச் சேரப் பதினைந்து நொடி. அதுவரை சுடுபவன் கண் சிமிட்டக் கூடாது, வண்டி அசையக் கூடாது. அடித்த மறுகணம் இடத்தைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எதிரி திருப்பி அடிப்பான். அதனால் ஓட்டுநர் கியரைப் பின்னுக்குப் போட்டு, பிரேக்கில் காலை வைத்து, சுடுபவன் சொல்லும் 'எடு' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பான். 'வண்டியை எடு' என்பதைச் சுருக்கியது அது.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவர்கள் வண்டியின் வழக்கமான சுடுநருக்குக் காய்ச்சல். பக்கத்து வண்டியிலிருந்து ஊசி என்பவரை அனுப்பினார்கள். ஊசிக் காதுக்குள் குறி வைத்து அடிப்பார் என்று அந்தப் பட்டப்பெயர். வண்டித் தலைவர் மேலே நின்று வேறு வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார். தம்பிக்குக் காதுக்கருவியில் 'எடு' என்று கேட்டது. எடுத்தான்.

விசாரணையில் ஊசி, "நான் எடுன்னு சொல்லவே இல்லை" என்றார். தம்பி, "எனக்குக் கேட்டுது" என்றான். சொல்லாதது எப்படிக் கேட்கும்? டாக்டர் ஒருவர் வந்து, பயத்தில் சிலருக்கு இல்லாத குரல் கேட்கும் என்றார். அதோடு முடிந்தது. வேலை போனது, பார்த்து வைத்திருந்த பெண் போனாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பியும் போனான். முதலில் "கேட்டுதுக்கா" என்று கத்துவான். பிறகு "கேட்ட மாதிரிதான் இருந்துதுக்கா" என்றான். கடைசியில், "என் மண்டைக்குள்ளதான் கேட்டிருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தான்.

ஊசி இரண்டு முறை வீடு தேடி வந்தார். இப்போது கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இரண்டு முறையும் வாசலிலேயே நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டு அனுப்பினேன். "நான் பொய் சொல்லலைம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பொய்யன் வேறெப்படிச் சொல்வான் என்று நினைத்தேன்.

கையெழுத்துத் தாளைப் பார்த்ததும் தம்பி சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ, "போட்டுடறேன்க்கா. போட்டுட்டா முடிஞ்சுடும்" என்றான். எத்தனையோ வருடம் கழித்து முகம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். என்னடா முடியும், எது முடியும் என்று கேட்டேன். துவைத்த சட்டைகளை மடித்து அடுக்கினான், புத்தகங்களைக் கட்டி வைத்தான். எங்கேயோ கிளம்புகிறவன் மாதிரி இருந்தது. அன்றைக்கே கத்திகளை எடுத்துப் பையில் போட்டேன். டாக்டரைப் பார்க்கலாம் வாடா என்று கெஞ்சினேன், திட்டினேன், காலில் கூட விழுந்தேன். "வியாழக்கிழமைக்கு அப்புறம் பார்க்கலாம்க்கா" என்றான், ஏதோ என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

அவன் அறைக்குள் போக ஒரே ஒரு வழி இருந்தது. அந்தச் சனியன் பிடித்த விளையாட்டு.

கணினியில் ஆடும் யுத்த விளையாட்டு. உலகத்தில் யார் யாரோ ஒன்றுசேர்ந்து ஆடுவார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன் அதில் கொக்கு வண்டியைச் சேர்த்தார்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் சுட. அன்றிலிருந்து தம்பி வேறு எதையும் செய்யவில்லை. காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை ஓட்டுநராக ஆடுவான். ஓட்டுநர் என்று பேர், ஓட்டினால்தானே! மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அசையாமல் நிற்பான். அசையாமல் நிற்பதற்கென்றே ஆடினான். சுடுகிற அந்நியன் ஏதோ ஒரு பாஷையில் திட்டுவான், எதிரி வந்து கொளுத்துவான், வண்டி எரியும், இவன் நகர மாட்டான். 'எடு' என்று யாராவது சொல்ல வேண்டுமே! அந்தப் பாஷைக்காரனுக்கு எடுவும் தெரியாது, கொடுவும் தெரியாது.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மடிக்கணினியைக் கடன் வாங்கி வந்தேன். "நான் சுடறேன், நீ ஓட்டு" என்றேன்.

திரையிலிருந்து முதன்முறையாகத் தலையைத் திருப்பினான். "நீயா? உனக்கு டிவி ரிமோட்டே பிடிக்கத் தெரியாது."

"கழுதை வயசுல கத்துக்கறேன், உனக்கென்ன?"

அவன் அவனுடைய அறையில், நான் கூடத்தில், நடுவில் ஒரு சுவர். காதை அடைக்கிற ஒலிக்கருவியை இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனிடம் பேச என் குரல் இணையம் வழியாக உலகத்தைச் சுற்றிவிட்டுப் போகும், போகிற வழியில் பாதி உதிர்ந்துவிடும்.

"இலக்கு மேல குறியை வெச்சதும் 'பிடிச்சுட்டேன்'னு சொல்லு. எங்க வண்டியில அதுதான் வழக்கம். அப்புறம் விசையை அழுத்து. உடனே கிளம்பாது, ஒன்றரை நொடி கழிச்சுத்தான் கிளம்பும். நிஜத்துலயும் அப்படித்தான். பட்டதும் 'எடு'ன்னு சொல்லு. நான் எடுத்துடுவேன்" என்றான். கடைசியாக அவன் என்னிடம் இவ்வளவு நீளமாக எப்போது பேசினான் என்று ஞாபகமில்லை.

முதல் நாள் நான் ஒரு மரத்தையும் ஒரு மாட்டுக்கொட்டகையையும் சுட்டேன். "அக்கா, அது நம்ம ஆளு! நம்ம ஆளு!" என்று கத்தினான் ஒரு தடவை. "பச்சைப் பெயின்ட் அடிச்சவனெல்லாம் எனக்கு ஒண்ணுதான்டா" என்றேன். ஒலிக்கருவியில் ஒரு சத்தம் வந்தது. சிரித்தானா இருமினானா தெரியவில்லை. சிரித்தான் என்றே வைத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பாதி சாப்பிட்டான்.

செவ்வாய்க்கிழமை சலவைக்கூடத்தில் என் உடம்பு மட்டும்தான் இருந்தது. இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் நின்றால் பேச்சு கேட்காது. ஒருத்தி தள்ளுவண்டியிலிருந்து ஈர விரிப்பின் முனையை நீட்டுவாள், எதிரில் நிற்கிறவள் அதைப் பிடித்ததும், "எடுத்துட்டேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்போதுதான் முதல் ஆள் கையை விடுவாள். முந்தி விட்டால் விரிப்பு தரையில், பிந்தி விட்டால் விரல் உருளைக்குள். நாளைக்கு எழுநூறு விரிப்பு, இருபத்திரண்டு வருடம். அன்றைக்கு நான் இரண்டு முறை குரல் கொடுக்க மறந்தேன். எதிரில் நின்றவள், "உன் நினைப்பெல்லாம் எங்கே மேயுது?" என்று சத்தம் போட்டாள்.

எங்கே மேயும்? ஒரு நாள்தான் மிச்சம்.

புதன்கிழமை விடுப்பு எடுத்தேன். காலை பத்து மணிக்கே ஆட உட்கார்ந்தோம். தாள் அவன் மேஜையில் இருந்தது, பக்கத்திலேயே பேனா. இன்னும் போடவில்லை. ஆட்டம் முடிந்ததும் போடுவானோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தை முடியவிடக் கூடாது, அவ்வளவுதான் என் திட்டம். பெரிய ராணுவத் திட்டம்! எவ்வளவு நேரம் ஒருத்தனைப் பொம்மை வண்டிக்குள் உட்கார வைத்துக் காப்பாற்ற முடியும்?

நாலாவது ஆட்டத்தில் மேட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று டாங்கிகள் வந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு குழியில் எங்கள் பக்கத்து ஆட்கள் பதுங்கியிருந்தார்கள். கழுத்தைத் தூக்கினேன். குறி ஆடியது, நழுவியது, மறுபடி ஆடியது. ஒரு டாங்கி தன் குழலை எங்கள் பக்கம் திருப்பத் தொடங்கியது. பொம்மை என்று தெரியும். தெரிந்தும் பதறியது. குறி சட்டென்று டாங்கியின் மேல் போய் உட்கார்ந்தது. கத்திக்கொண்டே விசையை அழுத்தினேன்.

ஏவுகணை குழாயை விட்டுக் கிளம்பிய அதே நேரம் வண்டி பின்னால் போனது.

திரை குலுங்கியது. கம்பி அறுந்தது. ஏவுகணை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முன்னாலிருந்த குழிக்குள் விழுந்தது. 'உங்கள் அணியினர் இருவர் பலி' என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி விழுந்த சத்தம். போச்சு, நானே அவனைக் கொன்றுவிட்டேன் என்று எழுந்தேன். அதற்குள் அவன் கூடத்துக்கு வந்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன்க்கா எடுன்னு சொன்னே?"

"நான் எங்கேடா எடுன்னு சொன்னேன்?"

"சொன்னே."

"சொல்லலைடா!"

"நீயுமா?" என்றான். "எனக்குக் கேட்டுதுக்கா. இப்பவும் கேட்டுது. அப்ப நான் நிஜமாவே பைத்தியம்தான்." திரும்பினான். அவன் அறையைப் பார்த்து, மேஜையைப் பார்த்துத் திரும்பினான்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நில்லுடா! பைத்தியம் கிய்த்தியம்னா பல்லை உடைச்சுடுவேன். நான் சொல்லலைன்னா சொல்லலை. என் வாய் எனக்குத் தெரியாதா? குறி உட்கார்ந்துது, நான் எடுத்துட்டேன்னு..."

நிறுத்தினேன்.

அவனும் அசையாமல் நின்றான். சட்டை என் கையிலேயே இருந்தது.

"என்ன சொன்னே?" என்றான் மெதுவாக.

"எடுத்துட்டேன்னு சொன்னேன். பிடிச்சுட்டேன்னு சொல்ல மறந்துட்டேன்டா. விரிப்புக்குச் சொல்ற மாதிரி வாயில வந்துடுச்சு."

"எடுத்துட்டேன்" என்றான் அவன். பிறகு, "எடு" என்றான். கீழே உட்கார்ந்துவிட்டான். "பின்பாதி என் காதுல விழலைக்கா."

தாளை எடுத்து வந்து மறுபடி படித்தேன். இலக்கு உறுதி செய்யப்பட்டதாகச் சுடுநர் அறிவித்தார். ஒன்பது வருடமாக இதே வரியை எத்தனை காகிதத்தில் படித்திருக்கிறேன்! விசாரணை அறிக்கையில், வேலைநீக்க உத்தரவில், மேல்முறையீட்டுப் பதிலில். ஒருமுறை கூட எனக்கு உறைக்கவில்லையே. "எந்த மனுஷன்டா குண்டு விழற இடத்துல 'இலக்கு உறுதி செய்யப்பட்டது'ன்னு பேசுவான்?" என்று கத்தினேன். "எழுதினவன் பேசினானா? ஊசி நிஜமா என்ன சொன்னார்?"

தம்பிக்குத் தெரியவில்லை. அவனுக்குக் கேட்டது இரண்டு எழுத்துதான்.

கண்ணாடிக் கடை எண்ணை ஊசி முன்பு ஒரு சீட்டில் எழுதி வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கிழித்துப் போடத்தான் நினைத்தேன், ஏனோ போடவில்லை. போன் செய்தேன். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"நான் ஓட்டுநரோட அக்கா பேசறேன்."

"சொல்லும்மா. எனக்கும் அந்தத் தாள் வந்துது."

"ஒரே கேள்வி. அன்னைக்கு விசையை அழுத்தறப்ப என்ன சொன்னீங்க?"

"எத்தனை தடவைம்மா கேப்பீங்க? நான் எடுன்னு சொல்லலை."

"சொல்லாததைக் கேட்கலை. சொன்னதைக் கேட்கறேன்."

"அதான் இருக்கே, இலக்கு உறுதி..."

"அது காகிதம். உங்க வாய் என்ன சொல்லுச்சு?"

யோசித்தார். யாரும் இதுவரை கேட்காத கேள்வி என்பது அவர் யோசித்த விதத்திலேயே தெரிந்தது. "எடுத்துட்டேன்னு சொன்னேன். எங்க வண்டியில இலக்கு கிடைச்சா அப்படித்தான் சொல்வோம். விசாரணையிலயும் அதைத்தான் சொன்னேன். எழுதறவர்தான், 'இதெல்லாம் பேச்சு வழக்குப்பா, முறையா எழுதணும்'னு மாத்தி..."

அங்கேயே நின்றது பேச்சு. ஒரு மூச்சு உள்ளே போனது கேட்டது, வெளியே வந்தது கேட்கவில்லை.

"அவங்க வண்டியில எப்படிச் சொல்வாங்க?" என்றார்.

"பிடிச்சுட்டேன்னு."

"அப்ப நான்தான்" என்றார் ஊசி.

பொய் சொல்ல மாட்டேன். ஒரு கணம் எனக்கு இனித்தது. ஒன்பது வருடம் இந்த ஒரு வார்த்தைக்காக அந்த ஆளைச் சபித்திருக்கிறேன். வேறு யாராவது குற்றவாளியாக இருந்தால் போதும், என் தம்பி பிழைத்துவிடுவான் என்று அலைந்திருக்கிறேன். அதனால், 'உங்கள் மேல் தப்பில்லை' என்று உடனே சொல்ல வேண்டியவள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் இரும்பு ஷட்டர் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது.

தம்பி போனைப் பிடுங்கினான். "ஊசியண்ணே, எதுக்கு ஷட்டரை இறக்கறீங்க? மணி பதினொண்ணுதானே ஆகுது?"

"நல்லா இருடா" என்றார். இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தோம், எடுக்கவில்லை.

"அக்கா, கிளம்பு" என்றான் தம்பி.

"போலீசுக்கு..."

"அதையும் சொல்லு. போய்க்கிட்டே சொல்லு. அந்தக் குரல் எனக்குத் தெரியும்க்கா. சனிக்கிழமையிலேர்ந்து நான் அந்தக் குரல்லதான் உன்கிட்ட பேசிட்டிருக்கேன்."

என் தம்பி ஒன்றரை வருடமாக வாசல்படி தாண்டாதவன். செருப்பு கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினான். வெயிலுக்குக் கண் கூசி விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டான், நிற்கவில்லை. நான் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் போனில் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். வாடகைக் கார் கிடைத்தது. ஓட்டுகிறவனை, "வேகமாப் போப்பா, உயிர் போற விஷயம்" என்று நச்சரித்தேன். "சிக்னல் விழுந்தா நான் என்னம்மா செய்யறது?" என்றான். தம்பி வழி முழுக்க அந்த எண்ணையே அடித்துக்கொண்டிருந்தான். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி அடித்தான்.

கடை ஷட்டர் உள்ளிருந்து பூட்டியிருந்தது. தம்பி இரண்டு கையாலும் அடித்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து என்ன, ஏது என்றார்கள். பின்வாசல் கிடையாது என்றார்கள். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. தம்பி நடைபாதையில் குப்புறப் படுத்து அந்த இடைவெளியில் வாயை வைத்தான்.

"அண்ணே, கால் தெரியுது. ஸ்டூல் பக்கத்துல நிக்கறீங்க. கேட்குதுல்ல?"

நானும் பக்கத்தில் மண்டி போட்டேன். "என்னை மன்னிச்சுடுங்க. வாசல்ல நிக்க வெச்சுப் பேசினதுக்கெல்லாம் மன்னிச்சுடுங்க" என்று அழுதேன்.

"நீங்க சொன்னது சரிண்ணே. நான் கேட்டதும் சரிதான்" என்றான் தம்பி. "மூணு பேர் செத்துட்டாங்க. அது போகாது. எனக்கும் போகாது, உங்களுக்கும் போகாது. ஆனா நாளைக்கு அந்தத் தாளை மாத்தி எழுதி அனுப்பணும். எடுத்துட்டேன்னு நீங்க சொன்னதை நீங்கதான் எழுத முடியும். நான் எழுதினா பைத்தியக்காரன் பேச்சுன்னுவாங்க. ஒன்பது வருஷம் அப்படித்தான் சொன்னாங்க."

ஸ்டூல் நகர்ந்த மாதிரி ஒரு சத்தம்.

தம்பி கையை முழங்கை வரை ஷட்டருக்கு அடியில் நுழைத்தான். இரும்பு கீறி ரத்தம் வந்தது. "எனக்கு நீங்க வேணும்ண்ணே" என்றான்.

ஒன்பது வருடத்தில் என் தம்பி எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. தண்ணீர் கூடக் கேட்டதில்லை, நானாக வைத்தால் உண்டு. நாளைக்கு என்ற சொல்லையும் அவன் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. கூட்டத்தில் யாரோ என்னவோ கேட்டார்கள். "கொஞ்சம் சும்மா இருங்க!" என்று அவர்கள் மேல் பாய்ந்தேன்.

உள்ளே காலடி கேட்டது. மெதுவாக, நின்று நின்று வந்தது. பிறகு யாரோ தரையில் உட்காரும் சத்தம். தம்பியின் தோள் லேசாக உள்பக்கம் இழுபட்டது. அவன் கையை உள்ளிருந்து ஒரு கை பிடித்திருந்தது.

"ஷட்டரை நெம்பித் தூக்கட்டுமா?" என்று ஒரு கடைக்காரர் குனிந்தார். வேண்டாம் என்று தலையசைத்தான் தம்பி. தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அவன் படுத்தபடியே கன்னத்தைத் தரையில் வைத்து, "இருக்கேன்ண்ணே, நான் எங்கேயும் போகலை" என்று அந்த இடைவெளிக்குள் சொல்லிக்கொண்டிருந்தான்.